நான்கு மூலங்கள், ஒரே தேதி நெடுவரிசை: பலவகை மதிப்புகளைத் தேதியாக மாற்றிய அனுபவம்

இயந்திரப் பராமரிப்புப் பதிவுகளை ஒரே அட்டவணையில் இணைத்து, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அடுத்தடுத்த இரண்டு பராமரிப்புகளுக்கு இடையே எத்தனை நாட்கள் கழிந்தன என்று கணக்கிடுவதே நான் எடுத்துக்கொண்ட வேலை. பதிவுகள் நான்கு இடங்களிலிருந்து வந்தன: பல ஆண்டுகளாகக் கையால் நிரப்பப்பட்ட, பல கோப்புகள் கொண்ட ஒரு விரிதாள், பழைய தரவுத்தளத்திலிருந்து எடுத்த ஒரு சிஎஸ்வி கோப்பு (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு), இயந்திரங்களில் பொருத்திய உணரிக் கருவிகள் தாமே எழுதிய பதிவுக் கோப்புகள், அண்மையில் தொடங்கிய இணையப் படிவத்தின் ஜேசன் (பெயர்-மதிப்பு இணைகளாக எழுதும் உரை வடிவம்) வெளியீடு. நான்கிலும் ‘தேதி’ என்ற தலைப்பில் ஒரு நெடுவரிசை இருந்தது. தலைப்பு ஒன்றாக இருந்ததால் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று கொண்டு, ஒவ்வொரு நெடுவரிசையையும் பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியில், மதிப்புகளைத் தேதியாக மாற்றும் டு_டேட்டைம் ஃபங்ஷனிடம் கொடுத்து, மாற்ற முடியாதவற்றை வெற்றாக விட்டுவிடும்படி கேட்டு, வந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்தேன். அந்த முதல் முயற்சியில் ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை.

சேர்த்த அட்டவணையைத் தேதி வாரியாக அடுக்கியபோது மேலே வந்து நின்ற வரிசைகள் எல்லாம் 1970 ஜனவரி 1 என்று காட்டின. அந்த இயந்திரங்களில் ஒன்றுகூட அவ்வளவு பழையதன்று. நேரப் பகுதியையும் சேர்த்து அச்சிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ஒரு வரிசையில் 00:00:00.020230415 என்று இருந்தது. புள்ளிக்குப் பின்னுள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டுப் படித்தால் 2023, 04, 15. பழைய தரவுத்தளம் 2023 ஏப்ரல் 15 என்ற நாளை 20230415 என்ற எட்டிலக்க முழு எண்ணாகச் சேமித்திருந்தது. அலகைக் குறிப்பிடாமல் முழு எண்ணைக் கொடுத்தால் பாண்டாஸ் அதை 1970 ஜனவரி 1-லிருந்து கழிந்த நானோ விநாடிகளாக எடுத்துக்கொள்ளும். இரண்டு கோடிச் சொச்சம் நானோ விநாடி என்பது ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு. லைப்ரரி தனக்கு வகுத்த விதிப்படியே நடந்தது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நான்தான் அதற்குச் சொல்லவில்லை.

இந்த வரிசைகளாவது அடுக்கியதும் கண்ணில் பட்டன. தவறாக மாறியும், நம்பத்தகுந்த ஓர் ஆண்டுக்குள் போய் விழுந்த வரிசைகள் எத்தனை இருக்கும் என்ற கேள்விதான் என்னை முழு வேலையையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வைத்தது.

முதலில் மாற்றுவதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு மூலத்திலும் தேதி நெடுவரிசையில் உள்ள ஒவ்வொரு மதிப்பின் தரவு வகையையும் எடுத்து, வகைக்கு எத்தனை என்று தொகுக்கும் பத்து வரி நிரல் ஒன்றை எழுதினேன். விரிதாளின் ஒரே நெடுவரிசைக்குள் தேதிநேரப் பொருள்கள், முழு எண்கள், தசம எண்கள், உரைகள், வெற்று மதிப்புகள் ஆகிய ஐந்தும் இருந்தன. ஓரிடத்தில் ‘உண்மை’ என்ற பூலியன் (உண்மை அல்லது பொய் என்று மட்டுமே இருக்கும்) மதிப்பும் கிடந்தது. விரிதாளில் ஒரு கட்டம் தேதி வடிவமைப்பில் இருந்தால், கோப்பைப் படிக்கும் லைப்ரரி அதைத் தேதியாகத் தரும். அதே மதிப்பு பொது வடிவமைப்பில் இருந்தால் வெறும் எண்ணாகத் தரும். ஆகவே இந்தக் கலப்பு, நிரப்பியவர்களின் கவனக்குறைவை மட்டும் காட்டுவதன்று. கட்டத்தின் வடிவமைப்பு மாறினாலே நமக்கு வந்து சேரும் வகையும் மாறிவிடுகிறது.

உரைகளுக்கு வகையை எண்ணுவது போதவில்லை. அவற்றில் ஒவ்வோர் இலக்கத்தையும் 9 ஆகவும், ஒவ்வோர் எழுத்தையும் ‘அ’ ஆகவும் மாற்றி, கிடைக்கும் வார்ப்புருக்களை எண்ணினேன். 15/04/2023 என்பது 99/99/9999 ஆகும். 5-4-23 என்பது 9-9-99 ஆகும். ஆயிரக்கணக்கான உரைகள் இருபதுக்கும் குறைவான வார்ப்புருக்களாகச் சுருங்கின. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு, எவற்றுக்கு விதி எழுத வேண்டும் என்பதில் ஊகத்துக்கு இடமே இருக்கவில்லை. ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு வார்ப்புருக்கள் தனித்தனியே எண்ணப்பட்டிருந்ததைத் தோண்டியபோது, ஒன்றின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. பைத்தானில் உரையின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் வழக்கமான கட்டளை, வரி உடையாத இடைவெளியை நீக்கிவிடும். பூஜ்ய அகல இடைவெளியையும், கோப்பின் தொடக்கத்தில் சில நிரல்கள் இடும் பைட் வரிசைக் குறியையும் நீக்காது. அவற்றைப் பெயர் சொல்லித் தனியே நீக்க வேண்டியிருந்தது.

மாற்றும் ஃபங்ஷனை எழுத உட்கார்ந்தபோது, வகைகளைச் சோதிக்கும் வரிசையே முதல் சிக்கலாக வந்தது. பைத்தானில் பூலியன் என்பது முழு எண்ணின் துணைவகை. ஆகையால் ‘இது முழு எண்ணா’ என்று முதலில் கேட்டால், ‘உண்மை’ என்ற மதிப்பும் ‘ஆம்’ என்று சொல்லி 1 ஆக உள்ளே நுழைந்து ஒரு தேதியாக வெளியேறும். அதேபோலத் தேதிநேரம் என்பது தேதியின் துணைவகை. ‘இது தேதியா’ என்ற கேள்வி முன்னால் இருந்தால், நேரமும் நேர மண்டலமும் கொண்ட மதிப்பு வெறும் தேதி எனக் கருதப்பட்டு, மண்டலம் பற்றிய சோதனையைத் தாண்டிப் போய்விடும். இவை இரண்டும் எனக்கு முன்பே தெரிந்தவை. தெரியாமல் இருந்தது மூன்றாவது: பாண்டாஸில் வெற்றுத் தேதியைக் குறிக்கும் ‘நேட்’ என்ற மதிப்பும் தன்னைத் தேதிநேரம் என்றே சொல்லிக்கொள்ளும். எனவே என் ஃபங்ஷன் முதலில் வெற்று மதிப்புகளை எல்லா வடிவங்களிலும் பிடித்து ஒதுக்குகிறது. பிறகு பூலியனைப் பிழையெனத் தள்ளுகிறது. அதன் பிறகே தேதிநேரம், தேதி, முழு எண், தசம எண், உரை என்ற வரிசையில் இறங்குகிறது.

எண்களும் இந்த வேலையில் நிறைய நேரத்தை எடுத்துக்கொண்டன. இணையத்தில் காணப்படும் பல தீர்வுகள் எண்ணின் அளவைப் பார்த்தே பொருளை முடிவு செய்கின்றன: ஐந்திலக்கமென்றால் விரிதாளின் நாள் எண் (1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்கள்), எட்டிலக்கமென்றால் ஆண்டு, மாதம், நாள், பத்திலக்கமென்றால் யுனிக்ஸ் விநாடி (1970 ஜனவரி 1-லிருந்து கழிந்த விநாடிகள்), பதின்மூன்றிலக்கமென்றால் மில்லி விநாடி, பத்தொன்பதென்றால் நானோ விநாடி. 2023 ஏப்ரல் 15, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவை விரிதாள் 45031 என்றும், யுனிக்ஸ் முறை 1681516800 என்றும் எழுதும் என்பதால், இந்த வேறுபாடு பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் இது உறுதியான அடையாளமன்று. யுனிக்ஸ் விநாடி பத்திலக்கமானதே 2001 செப்டம்பர் 9 அன்றுதான். அதற்கு முந்திய நேரங்கள் ஒன்பது இலக்கமோ அதற்கும் குறைவோதான். எட்டிலக்க 20230415-ஐ விநாடி என்று கொண்டால் அது 1970 ஆகஸ்ட் 23 ஆகும், அதுவும் முறையான ஒரு தேதியே.

உணரிக் கருவிகளின் கோப்பில் இந்தக் குழப்பம் நேரடியாகவே எதிர்ப்பட்டது. கருவியின் உள் நிரல் ஒரு கட்டத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் விநாடிகளிலும், பின்னால் மில்லி விநாடிகளிலும் அது எழுதியிருந்தது. 2023 ஏப்ரலின் மில்லி விநாடியை விநாடி என்று படித்தால் ஆண்டு 55,000-ஐத் தாண்டும். பைத்தானின் தேதிநேரம் 9999-க்கு மேல் போகாது என்பதால் அங்கே நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். எதிர்த்திசைத் தவறுதான் ஆபத்தானது: 2023-இன் விநாடி எண்களை மில்லி விநாடி என்று படித்தால், அந்த ஆண்டின் 365 நாட்களும் 1970 ஜனவரி 20 என்ற ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். இரண்டு பராமரிப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களைக் கணக்கிடும் என் நிரலுக்கு அப்போது கிடைப்பது பூஜ்யம். பூஜ்யம் என்பது ஒரே நாளில் இரண்டு முறை பழுதுபார்த்ததாகவும் பொருள்படும். வேறொரு சிறு தொகுதியில் எண்கள் சில ஆயிரங்களுக்குள்ளேயே இருந்தன. மின்கலம் தீர்ந்து கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிய பிறகு எழுதப்பட்டவை அவை. அவற்றை எந்தக் கணக்கும் உண்மைத் தேதியாக்காது என்பதால், ‘கடிகாரம் அமைக்கப்படாதது’ என்று குறித்துத் தனியே வைத்தேன்.

இங்கே இன்னொரு முடிவையும் எடுத்தேன். பைத்தானில் யுனிக்ஸ் விநாடியைத் தேதிநேரமாக்கும் கட்டளைக்கு மண்டலத்தைச் சொல்லாவிட்டால், நிரல் ஓடும் கணினியின் உள்ளூர் நேரத்தில் விடை வரும். என் கணினியில் ஒரு தேதியும், சேவையகத்தில் அடுத்த தேதியும் வரக்கூடும் என்பதால், எல்லா இடங்களிலும் யூடிசியை வெளிப்படையாக எழுதினேன்.

விரிதாளின் நாள் எண்ணுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. எக்செலில் 1 என்பது 1900 ஜனவரி 1. அப்படியானால் அதற்கு முந்திய நாளான 1899 டிசம்பர் 31-உடன் எண்ணைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இக்காலத் தேதிகள் எல்லாம் ஒரு நாள் தள்ளி வரும். 1900 லீப் ஆண்டன்று, ஏனெனில் நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட வேண்டும். ஆனால் எக்செலுக்கு முந்திய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகக் கொண்டது. அதனுடன் ஒத்துப்போக எக்செலும் அதே எண்ணிக்கையைப் பின்பற்றியது. ஆகவே 60 என்ற எண்ணுக்கு, இல்லாத ஒரு நாளான 1900 பிப்ரவரி 29 ஒதுக்கப்பட்டுள்ளது. 61-உம் அதற்கு மேலும் உள்ள எண்களுக்கு 1899 டிசம்பர் 30-ஐத் தொடக்கமாகக் கொண்டால் கணக்குச் சரியாக வரும். 61-க்குக் கீழுள்ள எண்களை நான் மாற்றவே இல்லை. பராமரிப்புப் பதிவில் 1900-இன் தொடக்க மாதங்களுக்கு வேலை கிடையாது, அங்கே சிறு எண் வந்தால் அது பக்கத்து நெடுவரிசையிலிருந்து நழுவி வந்த வேறொரு மதிப்பாகவே இருக்கும்.

விரிதாள் கோப்புகளுள் ஒன்று மட்டும், எல்லாத் தேதிகளையும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் முந்தியவையாகக் காட்டியது. நாள் கணக்கில் 1462. இந்த எண்ணைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது: எக்செலில் 1904 ஜனவரி 1-இல் தொடங்கும் மற்றொரு முறையும் உண்டு, பழைய மேக்கின்டாஷ் கணினிகளில் உருவான கோப்புகளில் அதைக் காணலாம். இரண்டு முறைகளுக்கும் உள்ள இடைவெளி மிகச் சரியாக 1462 நாட்கள். எந்த முறை என்பது கோப்பின் உள்ளேயே ஒரு குறிப்பாக இருக்கும். ஆனால் எனக்குக் கிடைத்ததோ அந்தக் கோப்பை யாரோ எண்களாக மாற்றிச் சேமித்த சிஎஸ்வி. குறிப்பு அங்கேயே தொலைந்துவிட்டது. மூலக் கோப்பைத் தேடி வாங்கிப் பார்த்து உறுதி செய்த பின்னரே 1462-ஐக் கூட்டினேன்.

நாள் எண்ணின் தசமப் பகுதி நேரத்தைக் குறிக்கும்: 45031.75 என்றால் மாலை 6 மணி. ஐந்து தசம இடங்களோடு வெட்டப்பட்ட 45031.41666 என்ற மதிப்பு 10 மணிக்குப் பதில் 09:59:59 என்று வரும் என்பதால், அருகிலுள்ள நிமிடத்துக்கு முழுமையாக்கினேன். தசம எண்ணாக வந்தவை எல்லாம் நேரம் கொண்டவை என்றும் எண்ணிவிடக் கூடாது. முழு எண் நெடுவரிசையில் ஒரு கட்டம் வெற்றாக இருந்தாலே, இயல்பான அமைப்பில் பாண்டாஸ் அந்த நெடுவரிசை முழுவதையும் தசம எண்ணாக்கிவிடும். 20230415 என்பது 20230415.0 ஆகி, அதை உரையாக்கினால் வால்போல ஒரு பூஜ்யமும் ஒட்டிக்கொள்ளும். பழைய தரவுத்தளக் கோப்பை எல்லா நெடுவரிசைகளும் உரையாகவே வரும்படி மீண்டும் படித்ததில் இது நீங்கியது.

இனி வருவதுதான் இரண்டு வாரங்களை எடுத்துக்கொண்ட பகுதி. 05/04/2023 என்பது ஏப்ரல் 5 ஆகவும் இருக்கலாம், மே 4 ஆகவும் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஓர் ஆண்டில் இப்படி இரு பொருள் தரும் நாட்கள் எத்தனை என்று கணக்கிட்டேன். நாளும் மாதமும் 12-க்குள் இருக்கும் தேதிகள் 144, அவற்றுள் 04/04 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே இருப்பவை 12, மீதி 132. அதாவது ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நாட்களை, ஒற்றை மதிப்பை மட்டும் பார்த்து ஒருவராலும் தீர்மானிக்க முடியாது. ஆனால் நெடுவரிசை முழுவதையும் பார்த்தால் தீர்மானிக்கலாம்: எங்கேனும் முதல் பகுதி 12-ஐத் தாண்டியிருந்தால் அது நாள்; எங்கேனும் இரண்டாம் பகுதி தாண்டியிருந்தால் அது மாதம் முதலில் வரும் முறை; இரண்டும் நடந்திருந்தால் நெடுவரிசையில் இரண்டு கைகள் எழுதியிருக்கின்றன. பாண்டாஸின் பழைய பதிப்புகள் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே ஊகித்து, ஒரே நெடுவரிசையில் சிலவற்றை நாள் முதலாகவும் சிலவற்றை மாதம் முதலாகவும் மாற்றிவிடும். 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, முதல் மதிப்பில் கண்ட வடிவமே எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் பிழை என்ற விதி வந்தது. அந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் என் முதல் முயற்சியில் ‘முடியாவிட்டால் வெற்றாக விடு’ என்று கேட்டிருந்ததால், அந்தப் பாதுகாப்பை நானே அணைத்துவைத்திருந்தேன்.

விரிதாளில் நாள் முதலில் வரும் முறையே கையாளப்பட்டது என்று அதைப் பராமரித்தவர் உறுதியாகச் சொன்னார். உரையாக இருந்தவற்றில் அது அப்படியே பொருந்தியது. அப்படியிருந்தும் வரிசை எண் ஏற ஏறத் தேதி முன்னும் பின்னுமாகத் துள்ளியது. ஒரு மாலையில், உரைகளையும் தேதிப் பொருள்களையும் தனித்தனியே பிரித்து, நாள் பகுதியை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட காலப் பகுதியில், உரையாக இருந்த எல்லா மதிப்புகளிலும் நாள் 13 முதல் 31 வரை இருந்தது. தேதிப் பொருளாக இருந்த எல்லாவற்றிலும் நாள் 1 முதல் 12 வரை மட்டுமே இருந்தது. ஒன்றுகூட விலகவில்லை. ஒரு மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் 12-க்குப் பின்னால் வருகின்றன. உண்மையான தேதிகள் இவ்வளவு துல்லியமாக 12-க்குள் ஒதுங்கி நிற்க வாய்ப்பே இல்லை.

நடந்தது இதுதான். நாள் முதலில் வரும் உரைகளைக் கொண்ட ஒரு கோப்பை, மாதம் முதலில் வரும் வட்டார அமைப்புள்ள ஒரு கணினியில் யாரோ திறந்து சேமித்திருக்கிறார்கள். விரிதாள் மென்பொருள் 05/04/2023-ஐக் கண்டு மே 4 என்று புரிந்துகொண்டு உண்மையான தேதியாக மாற்றிவிட்டது. 15/04/2023-ஐக் கண்டபோது பதினைந்தாம் மாதம் இல்லாததால் அதைத் தொடாமல் உரையாகவே விட்டுவிட்டது. விளைவாக, பார்ப்பதற்கு நன்றாக வகைப்படுத்தப்பட்டிருந்த மதிப்புகளே பிழையானவையாகவும், தூய்மையற்றவை என்று நான் நினைத்த உரைகளே சரியானவையாகவும் இருந்தன. என் முதல் நிரலில் ‘ஏற்கெனவே தேதியாக இருந்தால் அப்படியே ஏற்றுக்கொள்’ என்ற வரி முதலில் இருந்தது. தேதி வகையில் இருக்கிறது என்பது, யாரோ ஒருமுறை அதை மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. அவர்கள் சரியாக மாற்றினார்கள் என்பதற்குச் சான்றாகாது.

விரிதாள்களின் இந்தத் தன்முனைப்பான மாற்றம் அறிவியல் உலகத்தையே பணிய வைத்திருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. மரபணுக்களின் குறியீடுகள் மார்ச் 1, செப்டம்பர் 1 போன்ற தேதிகளாக மாறிவிடுவதைத் தவிர்க்க, மனித மரபணுப் பெயரிடல் குழு 2020-இல் அத்தகைய குறியீடுகளையே மாற்றியமைத்தது. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆகவும், செப்ட்1 என்பது செப்டின்1 ஆகவும் ஆயின.

திருப்பி மாற்றுவது எளிது: நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் போதும், இரண்டுமே 12-க்குள் இருப்பதால் எப்போதும் முறையான தேதியே கிடைக்கும். எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை மாற்றுவது என்பதே கடினம், ஏனெனில் அதற்குப் பிந்திய காலத்தில் நேரடியாகச் சரியாக உள்ளிட்ட தேதிகளும் அதே நெடுவரிசையில் இருந்தன. பதிவேட்டின் வரிசை எண் இங்கே கைகொடுத்தது. பதிவுகள் நிகழ்ந்த ஒழுங்கிலேயே எழுதப்பட்டவை என்பதால், வரிசை எண் கூடும்போது தேதி குறையக் கூடாது. ஒவ்வொரு தேதிப் பொருளுக்கும் உள்ளபடியே ஒரு முறையும், இடம் மாற்றி ஒரு முறையும் வைத்து, முன்னும் பின்னும் உள்ள ஐயமற்ற உரைத் தேதிகளுக்கு இடையே எது பொருந்துகிறது என்று சோதித்தேன். பிழைப் பகுதியின் இரு எல்லைகளும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு வகையிலும் பொருந்திய சில வரிசைகள் எஞ்சின. அவற்றை நிரல் தீர்மானிக்கவில்லை, ‘ஐயம்’ என்று குறித்து, காகிதப் பணிச்சீட்டுகளோடு ஒப்பிட நான் எடுத்துவைத்தேன்.

ஈரிலக்க ஆண்டுகள் அவ்வளவு தொல்லை தரவில்லை. பைத்தான் 69 முதல் 99 வரை 1900-களிலும், 0 முதல் 68 வரை 2000-களிலும் வைக்கும். எக்செலின் வழக்கமான எல்லை 29-க்கும் 30-க்கும் இடையே உள்ளது. ஒரே ‘45’ ஒன்றில் 2045, மற்றதில் 1945. இயந்திரம் நிறுவிய ஆண்டுக்கும் இன்றைக்கும் இடையே விழும் நூற்றாண்டைத் தேர்ந்தெடுக்கும்படி நானே விதி எழுதினேன்.

‘ஏப்ரல் 2023’ என்று நாள் இல்லாமல் எழுதியவை வேறு வகைச் சிக்கல். உரையைத் தேதியாகப் படிக்கும் டேட்யூட்டில் என்ற பைத்தான் லைப்ரரி, விடுபட்ட பகுதியை நிரல் ஓடும் நாளிலிருந்து எடுத்து நிரப்பும். திங்களன்று ஓட்டினால் ஒரு விடை, செவ்வாயன்று ஓட்டினால் அடுத்த நாள் விடை. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை வராத ஃபங்ஷனைச் சோதிக்கவே முடியாது. இவற்றுக்காகத் ‘துல்லியம்’ என்ற தனி நெடுவரிசையைச் சேர்த்து, மாத அளவில் மட்டுமே தெரிந்தவற்றை மாதத்தின் முதல் நாளாக வைத்து, துல்லியம் ‘மாதம்’ என்று எழுதினேன். நாள் இடைவெளிக் கணக்கிலிருந்து அவை விலக்கப்படும்.

இணையப் படிவத்தின் வெளியீட்டில் எல்லா மதிப்புகளும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதும் பன்னாட்டுத் தர வடிவமான ஐஎஸ்ஓ 8601-இல், இறுதியில் யூடிசியைக் குறிக்கும் எழுத்துடன் அழகாக இருந்தன. இந்த மூலத்தில் வேலையே இருக்காது என்று எண்ணினேன். ஆனால் எல்லா மதிப்புகளின் நேரப் பகுதியும் 18:00:00.000 என்றே இருந்தது. யாரும் நாள்தோறும் அதே மில்லி விநாடியில் படிவத்தை நிரப்புவதில்லை. யூடிசியைவிட 6 மணி நேரம் முன்னால் உள்ள மண்டலத்தில், பயனர் நாள்காட்டியில் ஏப்ரல் 15-ஐத் தொட்டால், படிவத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை உள்ளூர் நள்ளிரவாகக் கொண்டு, பிறகு யூடிசி உரையாக்கும்போது ஏப்ரல் 14, 18:00 என்று எழுதிவிடும். அந்த உரையின் முதல் பத்து எழுத்துகளை வெட்டித் தேதியென்று எடுத்தால் ஒவ்வொரு பதிவும் ஒரு நாள் முந்திப்போகும். முதலில் அந்த மண்டலத்துக்கு மாற்றி, பிறகு தேதியைப் பிரித்ததில் சரியாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் பற்றி இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: 2023-04-15 என்று தேதி மட்டும் உள்ள உரையை அது யூடிசி நள்ளிரவாகவும், அதனுடன் மண்டலம் சொல்லாத நேரத்தையும் சேர்த்தால் உள்ளூர் நேரமாகவும் படிக்கும். படிவத்தின் நிரலையும் திருத்தி, நாள்காட்டியில் தொட்ட ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் நேரமின்றி அப்படியே அனுப்பச் செய்தேன்; பராமரிப்பு நாள் என்பது நாள்காட்டியில் உள்ள ஒரு கட்டமே, கால ஓட்டத்தில் ஒரு கணமன்று.

வெற்று மதிப்புகளுக்கும் மாற்ற முடியாதவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இம்முறை காப்பாற்றினேன். ஒன்றுமே எழுதாத கட்டமும், 31/04/2023 என்று எழுதிய கட்டமும் ஒன்றல்ல. முன்னதில் தகவல் இல்லை, பின்னதில் தவறான தகவல் இருக்கிறது. பழைய தரவுத்தளத்தில் 0, 99991231 ஆகிய இரண்டும் ‘தெரியாது’, ‘முடிவில்லை’ என்ற பொருளில் கையாளப்பட்டிருந்தன. 9999 டிசம்பர் 31 முறையான தேதி என்பதால் அது சோதனைகளைத் தாண்டிச் சென்று சராசரியைக் குலைக்கும். மேலும் நானோ விநாடி அடிப்படையிலான பாண்டாஸ் தேதி 2262 ஏப்ரல் 11-க்கு மேல் எட்டாது. இத்தகைய குறிப்பு மதிப்புகளை மூலந்தோறும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஃபங்ஷனின் அமைப்பு முதலில் நினைத்ததற்கு நேர்மாறாக முடிந்தது. எந்த மதிப்பையும் வாங்கித் தேதியாகத் தரும் ஒரே ஃபங்ஷனை எழுத நினைத்தேன். கடைசியில் மூலத்தின் பெயரும் நெடுவரிசையின் பெயரும் இல்லாமல் எதையும் மாற்ற மறுக்கும் ஒன்றாக அது நின்றது. ஒவ்வொரு மூலத்துக்கும் எந்த விதி என்று ஒரு சிறு அட்டவணை உண்டு. இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஊகிக்கும் பகுதியை நீக்கவில்லை. ஆனால் அது முடிவெடுப்பதில்லை, அறிவித்த விதியோடு ஒத்துப்போகாத மதிப்பைக் கண்டால் எச்சரிக்க மட்டுமே செய்கிறது. மாற்றிய ஒவ்வொரு தேதியுடனும் மூல மதிப்பு, அதன் வகை, கையாண்ட விதியின் பெயர், துல்லியம், நிலை ஆகியவை சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. மூல மதிப்பை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இடம் மாறிய தேதிகளைக் கண்டபோது எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட முடிந்தது.

சோதிக்க மூன்று வழிகள் பயன்பட்டன. மாற்றிய தேதியை அதே விதியால் திருப்பி எழுதினால் மூல மதிப்பே வர வேண்டும் என்பது முதலாவது. எழுத்துப் பிழைகளை இது பிடித்தது, பொருள் பிழைகளைப் பிடிக்காது. நிறுவிய நாளுக்கு முந்திய பராமரிப்பும் வருங்காலப் பராமரிப்பும் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தேதிகளின் கிழமைகளை எண்ணுவது. பராமரிப்பு வார வேலை நாட்களில் மட்டுமே நடந்தது. சரியான தேதிகளில் சனியும் ஞாயிறும் ஏறத்தாழ வெறுமையாக இருந்தன. இடம் மாறிய தேதிகளிலோ ஏழு கிழமைகளும் ஏறக்குறைய சமமாக நிரம்பியிருந்தன. ஒரு மூலத்தை மாற்றியவுடன் கிழமைப் பட்டியலைப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

வேலை முடிந்ததாகக் கருதிய வாரத்தில் ஐந்தாவதாக ஒரு கோப்பு வந்தது. தேதி நெடுவரிசையில் 23105 போன்ற ஐந்திலக்க எண்கள் இருந்தன. விதி அறிவிக்கப்படாத மூலம் என்பதால் ஃபங்ஷன் ஒன்றையும் மாற்றவில்லை. ஐந்திலக்கமென்பதால் விரிதாளின் நாள் எண் என்று கொண்டிருந்தால் 1963 ஏப்ரல் 4 என்று வந்திருக்கும். கோப்பை அனுப்பியவரிடம் கேட்டதற்கு, முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று விடை வந்தது. 2009-ஆம் ஆண்டின் மதிப்புகள் முன்னுள்ள பூஜ்யத்தை இழந்து நான்கு இலக்கங்களாக நின்றிருந்தன; அவற்றுக்கு இடப்புறம் பூஜ்யத்தைச் சேர்த்து, புதிய விதியை அட்டவணையில் எழுதி ஓட்டினேன். 23105 என்பது 2023-இன் 105-ஆவது நாள், ஏப்ரல் 15. கிழமைப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். இந்த நாள் சனிக்கிழமை. ஆகவே அந்த வரிசையை ‘ஐயம்’ என்று குறித்து, அன்று உண்மையில் வேலை நடந்ததா என்று கேட்டு அவருக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன்.